விண்வெளி வானிலையின் அன்றாட நிலவரத்தைப் படித்தறிவது எப்படி?

சூரியப் பாய்வு 168, கரும்புள்ளி எண் 121, ஏ குறியீடு 14, கே குறியீடு 3, எக்ஸ் கதிர் அளவு சி1.2. விண்வெளி வானிலை நிலவரத்தில், அதாவது சூரியன் புவியைச் சுற்றியுள்ள வெளியில் உண்டாக்கும் மாற்றங்களின் அறிக்கையில், இப்படி ஒரு வரியை முதன்முதலாகப் பார்ப்பவருக்கு, வெப்பநிலையும் ஈரப்பதமும் போல ஒரே நேரத்தில் அளந்து எழுதிய எண்களாகவே இவை தோன்றும். உண்மையில் சூரியனின் வானொலி இரைச்சலைச் சொல்லும் சூரியப் பாய்வும் கரும்புள்ளி எண்ணும் பெரும்பாலும் நேற்றையவை. ஏ குறியீடு, நேற்றைய நாள் முழுவதும் புவியின் காந்தப்புலம் எவ்வளவு அலைந்தது என்பதன் சராசரி. கே குறியீடு அதே அலைச்சலைக் கடைசியாக முடிந்த மூன்று மணி நேரத்துக்குச் சொல்கிறது. எக்ஸ் கதிர் அளவு மட்டுமே இந்த நிமிடத்தைச் சேர்ந்தது. ஆகவே நிலவரத்தைப் படிக்கக் கற்பவர் ஒவ்வொரு எண்ணையும் பார்த்து முதலில் கேட்க வேண்டியது, அது எவ்வளவு பெரியது என்பதை அல்ல, அது எந்தப் பொழுதைப் பற்றிப் பேசுகிறது என்பதையே.

இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், சூரியனிலிருந்து புவிக்கு வருபவை மூன்று வேகங்களில் வருகின்றன. ஒளியும் எக்ஸ் கதிர்களும் சுமார் 8 நிமிடம் 20 நொடியில் வந்துவிடுகின்றன. மிகுந்த ஆற்றலுடன் முடுக்கப்பட்ட புரோட்டான்கள் சில பத்து நிமிடங்கள் முதல் சில மணி நேரத்துக்குள் வரத் தொடங்குகின்றன. சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவிலிருந்து கிளம்பி, காந்தப்புலத்தைச் சுமந்துவரும் பெரும் பிளாஸ்மா (மின்னேற்ற வாயு) மேகமான கொரோனா நிறை உமிழ்வு, அதாவது சி.எம்.இ., பொதுவாக ஒன்று முதல் மூன்று நாட்கள் எடுத்துக்கொள்கிறது. 1859 செப்டம்பர் 1 அன்று ஆங்கிலேய வானியலாளர் ரிச்சர்ட் காரிங்டன் கண்ட வெடிப்பைத் தொடர்ந்து வந்த மேகமோ ஏறக்குறைய பதினேழரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தது. முதலாவதற்கு முன்னறிவிப்பு கிடையாது, ஏனெனில் வெடிப்பைக் கருவி காணும் நொடியிலேயே அதன் விளைவும் தொடங்கிவிடுகிறது. மூன்றாவதற்கு நாள் கணக்கில் அவகாசம் உண்டு, ஆனால் அது தீங்கு செய்யுமா செய்யாதா என்பது வந்து சேர்வதற்கு ஒரு மணி நேரம் முன்புதான் தெரியும்.

எங்கே பார்ப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரிலுள்ள விண்வெளி வானிலை முன்கணிப்பு மையம் நேரடி வரைபடங்களையும், நாளுக்கு இருமுறை மூன்று நாள் முன்கணிப்பையும் வெளியிடுகிறது. அதிகாரபூர்வமான கே-பி குறியீடு, அதாவது உலகம் முழுவதற்குமான கே குறியீடு, ஜெர்மனியின் போட்ஸ்டாமிலிருந்தும், பன்னாட்டுக் கரும்புள்ளி எண் பிரஸ்ஸல்ஸிலுள்ள பெல்ஜிய அரச வானாய்வகத்திலிருந்தும், சூரியப் பாய்வு கனடாவின் பென்டிக்டனிலிருந்தும் வருகின்றன. இவை எல்லாமே உலகப் பொது நேரத்தில், அதாவது யூ.டி.சி.யில், எழுதப்படுபவை, நாளும் அந்த நேரப்படி நள்ளிரவில்தான் மாறும். உங்கள் உள்ளூர் நேரத்துக்கும் யூ.டி.சி.க்கும் உள்ள வேறுபாட்டைத் தாளின் மேற்புறத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "நேற்று" என்ற சொல்லில் வரும் பிழைகளில் பாதி இதனால்தான்.

முதலில் சூரியக் காற்று

பலர் கே-பி குறியீட்டிலிருந்து தொடங்குகிறார்கள், செய்தித்தாள்களோ சூரிய வெடிப்பிலிருந்து தொடங்குகின்றன. என் கருத்தில் இரண்டும் தவறான வாசல்கள். கே-பி நடந்து முடிந்ததைச் சொல்கிறது, வெடிப்பு நடக்கக்கூடியதைச் சொல்கிறது. இப்போது புவியை வந்து தொடுவது எது என்பதைச் சொல்வது, சூரியனிலிருந்து இடையறாது வீசும் மின்துகள் ஓட்டமான சூரியக் காற்றின் வரைபடம் ஒன்றே.

புவியிலிருந்து சூரியன் இருக்கும் திசையில் சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் எல்1 என்ற ஈர்ப்புச் சமநிலைப் புள்ளி இருக்கிறது. 1997இல் ஏவப்பட்ட ஏஸ், 2015இல் ஏவப்பட்ட டிஸ்கவர், 2024 ஜனவரியில் தன் இடத்தை அடைந்த ஆதித்யா-எல்1 ஆகியவை அந்தப் புள்ளியைச் சுற்றி இயங்கச் சென்ற விண்கலங்கள். அங்கே அளக்கப்படும் காற்று புவியை அடைய ஆகும் நேரத்தை நீங்களே கணக்கிடலாம்: வினாடிக்கு 400 கிலோமீட்டர் வேகம் என்றால் 15 லட்சத்தை 400-ஆல் வகுக்க 3,750 வினாடிகள், அதாவது ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், வேகம் 800 ஆனால் அதில் பாதி. முன்னெச்சரிக்கைக்குக் கிடைக்கும் உறுதியான அவகாசம் இவ்வளவுதான்.

வரைபடத்தில் நான்கு கோடுகளைப் பாருங்கள். வேகம் அமைதியான நாளில் 300 முதல் 400 வரை இருக்கும். 500-ஐத் தாண்டினால் ஏதோ ஒரு வேக ஓடை புவியைத் தொட்டிருக்கிறது என்று பொருள். அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து துகள்கள் என்ற அளவில் இருப்பது வழக்கம். பி-டி என்பது காற்று சுமந்துவரும் காந்தப்புலத்தின் மொத்த வலிமை. ஐந்து நானோ டெஸ்லாவை ஒட்டி இருந்தால் இயல்பு, 20-ஐத் தாண்டினால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வேண்டிய நேரம். நான்காவது கோடு பி-இசட். அந்தக் காந்தப்புலம் வடக்கு நோக்கி இருக்கிறதா, தெற்கு நோக்கி இருக்கிறதா என்பதை அது காட்டுகிறது. மற்ற மூன்றையும் விட இதற்கே தீர்ப்பளிக்கும் உரிமை.

காரணம் எளியது. சூரியன் இருக்கும் பக்கத்தில் புவிக்காந்தப் புலத்தின் வெளி எல்லை வடக்கு நோக்கியே இருக்கிறது. வருகிற புலமும் வடக்கு நோக்கி இருந்தால் காற்று பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு சென்றுவிடும். தெற்கு நோக்கி இருந்தால் எதிரெதிரான இரு புலங்களின் கோடுகளும் அறுந்து ஒன்றோடொன்று இணைந்துகொள்கின்றன, அந்த வழியே காற்றின் ஆற்றல் உள்ளே பாய்கிறது. ஆகவே பி-இசட் கழித்தல் குறியோடு இருக்கும் நேரம்தான் கவனத்துக்குரியது. ஆனால் ஒரு நிமிடம் -15-ஐத் தொட்டுத் திரும்பும் கூர்முனையைக் கண்டு பதற வேண்டாம். -10 அல்லது அதற்கும் கீழே மூன்று மணி நேரம் விலகாமல் நிற்கும் கோடுதான் புயலைக் கொண்டுவரும். வேகம் 600-ஐத் தாண்டியும் பி-இசட் விடிய விடிய வடக்கிலேயே நின்றதால் கே-பி புயல் எல்லையைத் தொடாமல் போன இரவுகளை நானே விழித்திருந்து பார்த்திருக்கிறேன்.

கோடுகளின் வடிவமும் வந்திருப்பது எதுவென்று சொல்லிவிடும். நான்கும் ஒரே நிமிடத்தில் செங்குத்தாகத் தாவினால் அது அதிர்ச்சி அலை. அதன் பின்னே ஒரு சி.எம்.இ. வந்துகொண்டிருக்கிறது. முதலில் அடர்த்தி உயர்ந்து, பிறகு அது சரியச் சரிய வேகம் சில மணி நேரங்களில் மெல்ல ஏறினால் அது கொரோனாவில் அடர்த்தி குறைந்த பகுதியான கொரோனா துளையிலிருந்து வரும் வேக ஓடை. கோடு நடுவில் அறுந்திருந்தால் அதை அமைதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கடுமையான புரோட்டான் மழையின்போதுதான் சூரியக் காற்றை அளக்கும் கருவிகள் தடுமாறுவதும் உண்டு.

கே-பியும் ஏ-வும்

கே-பி குறியீட்டை 1949இல் வகுத்தவர் ஜெர்மானியப் புவி இயற்பியலாளர் ஜூலியஸ் பார்ட்டெல்ஸ். நடு அகலாங்குகளில் அமைந்த 13 காந்த ஆய்வகங்களில் மூன்று மணி நேரத்துக்குள் காந்தப்புலம் எவ்வளவு அலைந்தது என்பதை அளந்து, 0 முதல் 9 வரையுள்ள ஓர் அளவுகோலில், ஒவ்வொரு படியையும் மூன்றாகப் பிரித்துச் சொல்கிறார்கள். நேரடியாகத் திரையில் காண்பது மதிப்பீடு மட்டுமே. இறுதி எண் பின்னால்தான் உறுதிசெய்யப்படும். கே-பி 5 என்பது புவிக்காந்தப் புயல் அளவுகோலில் ஜி1, அதாவது சிறு புயல். 6, 7, 8 ஆகியவை முறையே ஜி2, ஜி3, ஜி4. 9 என்பது ஜி5.

இங்கே பலரும் வழுக்குமிடம் ஒன்று உண்டு. கே-பியின் படிகள் சம உயரம் கொண்டவை அல்ல. மேலே போகப் போக ஒவ்வொரு படியும் பெரிதாகிறது. அதனால் கே-பி எண்களைக் கூட்டிச் சராசரி காணக்கூடாது. அவற்றை முதலில் ஏ-பி என்ற நேரியல் அளவுக்கு மாற்ற வேண்டும்: 2 என்பது 7, 3 என்பது 15, 5 என்பது 48, 7 என்பது 132, 9 என்பது 400. ஒரு நாளின் எட்டு ஏ-பி மதிப்புகளின் சராசரியே அந்த நாளின் ஏ குறியீடு. இப்போது ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். ஏழு பகுதிகளில் கே-பி 2, ஒரு பகுதியில் மட்டும் 7. கூட்டினால் 49-உம் 132-உம் சேர்ந்து 181; எட்டால் வகுத்தால் 23-க்குச் சற்றுக் குறைவு. அந்த நாளில் மூன்று மணி நேரம் ஜி3 புயல் அடித்திருக்கிறது. ஆனால் நாள் முழுவதற்குமான ஏ குறியீடு, சற்றுச் சலசலப்பான நாள் என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. ஏ எண்ணை மட்டும் பார்த்து நாளை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நிலநடுக்கோட்டுக்கு அருகே வாழ்பவர்களுக்குக் கே-பியைக் காட்டிலும் ஜப்பானின் கியோட்டோவிலிருந்து வெளியாகும் டி-எஸ்-டி குறியீடு பொருத்தமானது. புயலின்போது புவியைச் சுற்றி ஓடும் வளைய மின்னோட்டத்தை அது மணிக்கொரு முறை அளக்கிறது. -50-க்குக் கீழே இறங்கினால் மிதமான புயல், -100-க்குக் கீழே கடும் புயல். 2024 மே 10, 11 ஆகிய நாட்களில் அது -400-ஐத் தாண்டி இறங்கியது. 2003 அக்டோபருக்குப் பிறகு வந்த முதல் ஜி5 புயல் அதுதான்.

எக்ஸ் கதிர்க் கோடும் அதன் பின்னே இருப்பவையும்

அமெரிக்காவின் கோஸ் வானிலைச் செயற்கைக்கோள்கள் 0.1 முதல் 0.8 நானோமீட்டர் அலைநீளத்தில் அளக்கும் எக்ஸ் கதிர்ப் பாய்வைக் கொண்டு சூரியச் சுடர்வெடிப்புகளை ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று வகுக்கிறார்கள். ஒவ்வோர் எழுத்தும் முந்தையதைப் போலப் பத்து மடங்கு. எனவே எக்ஸ்1 என்பது எம்1-ஐப் போல 10 மடங்கும் சி1-ஐப் போல 100 மடங்கும் வலிமை உடையது. வானொலித் தடை அளவுகோலில் எம்1 ஆர்1 ஆகவும், எம்5 ஆர்2 ஆகவும், எக்ஸ்1 ஆர்3 ஆகவும், எக்ஸ்10 ஆர்4 ஆகவும், எக்ஸ்20 ஆர்5 ஆகவும் கொள்ளப்படுகின்றன. வெடிப்பின் எக்ஸ் கதிர்கள், வளிமண்டலத்தின் மின்னேறிய மேற்பகுதியான அயனி மண்டலத்தின் அடித்தளமான டி அடுக்கைத் தடிப்பாக்கி, சிற்றலைகளை விழுங்கச் செய்கின்றன. இது பகல் பக்கத்தில் மட்டுமே நிகழும்; குறைந்த அதிர்வெண்களே முதலில் மறைந்து கடைசியில் திரும்பும். இரவில் இருக்கும் உங்களுக்கு எக்ஸ்5 வெடிப்பால் சிற்றலையில் ஒன்றும் ஆகாது.

எக்ஸ் வகை வெடிப்பு என்றதும் மூன்று நாளில் புயல் என்று எழுதிவிடுவது செய்திகளின் வழக்கம். அதை நம்பாமலிருக்க 2014 அக்டோபரை நினைவில் வையுங்கள். அப்போது தோன்றிய 12192 என்ற மாபெரும் கரும்புள்ளிக் கூட்டம் ஆறு எக்ஸ் வகை வெடிப்புகளை நிகழ்த்தியது. ஆனால் புவியைக் குலுக்கும் பிளாஸ்மா மேகம் எதுவும் அவற்றோடு கிளம்பவில்லை. வெடிப்பு வேறு, உமிழ்வு வேறு. எக்ஸ் கதிர்க் கோடு சடக்கென ஏறிச் சடக்கென இறங்கினால் வெறும் வெடிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். ஏறிய கோடு மணிக்கணக்கில் மெல்லச் சரிந்தால் அதனுடன் சி.எம்.இ. கிளம்பியிருக்கக்கூடும், அப்போதுதான் கொரோனா வரைவிகளின் படங்களைத் திறக்க வேண்டும்.

1995இல் ஏவப்பட்ட சோஹோ விண்கலத்தின் லாஸ்கோ கருவி, சூரிய வட்டை மறைத்து அதன் சுற்றுப்புறத்தைப் படமெடுக்கிறது. வட்டைச் சுற்றி எல்லாத் திசையிலும் ஒளிவட்டம் விரிந்தால் மேகம் புவிக்கோட்டில் இருக்கிறது. ஆனால் நம்மை நோக்கி வருகிறதா, நம்மைவிட்டு அப்பால் போகிறதா என்பதை அந்தப் படம் மட்டும் சொல்லாது. சூரியனின் மறுபக்கத்தில் கிளம்பிய மேகமும் அதே வட்டத்தைத்தான் காட்டும். ஆகவே அதே நேரத்தில் நம் பக்கத்து வட்டில் வெடிப்போ, பிளாஸ்மா இழை அறுந்ததோ, ஒளி மங்கியதோ இருக்கிறதா என்று தேடிப் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள். வட்டின் நடுவே நிகழ்ந்தவை நேராக வரும். மேற்குப் பக்கம் நிகழ்ந்தவை புரோட்டான்களை விரைவாக அனுப்பும். சூரியன் சுழல்வதால் அதன் காந்தக்கோடுகள் சுருள் வடிவில் வளைந்து அங்கிருந்துதான் புவியோடு இணைகின்றன. மேகம் வரும் நேரத்தைக் கணிக்கும் மாதிரிகள் பத்து மணி நேரம் முன்பின் தவறுவது சாதாரணம் என்பதால், அறிவிக்கப்பட்ட மணியை ஒரு நாளின் நடுப்புள்ளியாக மட்டும் கொள்ளுங்கள்.

புரோட்டான் பாய்வைப் பெரும்பாலான நாட்களில் ஒரே பார்வையில் கடந்துவிடலாம். 10 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்டவை 10 அலகைத் தொட்டால் கதிர்வீச்சுப் புயல் அளவுகோலில் எஸ்1. அதன் பிறகு ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு. துருவ வழி விமானங்களுக்கும் விண்வெளி வீரர்களுக்கும் செயற்கைக்கோள்களுக்கும் உரிய கவலை அது. லாஸ்கோ படத்தில் பனி கொட்டுவதுபோல் வெண்புள்ளிகள் நிறைந்திருந்தால் புரோட்டான்கள் கருவியையே தாக்குகின்றன என்று அறியலாம்.

மெல்ல நகரும் எண்கள்

கரும்புள்ளி எண்ணும் சூரியப் பாய்வும் நாள்தோறும் பார்க்கத்தக்கவை, ஆனால் நாள்தோறும் பொருள் கொள்ளத்தக்கவை அல்ல. சுவிட்சர்லாந்து வானியலாளர் ருடால்ஃப் வுல்ஃப் 1848இல் அமைத்த முறைப்படி, கூட்டங்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கித் தனிப்புள்ளிகளின் எண்ணிக்கையோடு கூட்ட வேண்டும்: நான்கு கூட்டங்களில் மொத்தம் 23 புள்ளிகள் என்றால் எண் 63. இதன்மேல் ஒவ்வோர் ஆய்வகமும் தனக்குரிய திருத்தக் காரணியைப் பெருக்குவதால் இரண்டு இடங்களின் எண்கள் வேறுபடுவதைக் கண்டு குழம்ப வேண்டாம். எண்ணைவிடக் கூட்டத்தின் காந்த வகையே பயனுள்ளது. ஆல்ஃபா, பீட்டா என்று குறிக்கப்பட்டவை பெரும்பாலும் சாது. பீட்டா-காமா-டெல்டா என்று இருந்தால், எதிரெதிர்க் காந்தமுனைகள் ஒரே நிழலுக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன, பெருவெடிப்புகள் அங்கிருந்துதான் பெரும்பாலும் வருகின்றன.

சூரியப் பாய்வு என்பது 10.7 சென்டிமீட்டர் அலைநீளத்தில், அதாவது 2,800 மெகாஹெர்ட்ஸில், சூரியன் எழுப்பும் வானொலி இரைச்சல். 1947 முதல் கனடாவில் அளக்கப்பட்டுவருகிறது. நாளின் எண்ணாகக் கொள்ளப்படுவது யூ.டி.சி. 20 மணி அளவீடு. சூரியன் உறங்கும் ஆண்டுகளில் 70-ஐ ஒட்டியும், உச்ச ஆண்டுகளில் 200-க்கு மேலும் இருக்கும். அளக்கும் நேரத்தில் வெடிப்பு நிகழ்ந்தால் ஒரே நாளில் எண் எகிறி மறுநாள் விழும். அந்த ஒற்றை எண்ணை ஒதுக்கிவிடலாம். புவி சூரியனுக்கு அருகே இருக்கும் ஜனவரிக்கும் தொலைவில் இருக்கும் ஜூலைக்கும் இடையே இதே பாய்வு சுமார் 7 விழுக்காடு மாறித் தெரியும் என்பதால், தொலைவுத் திருத்தம் செய்த எண்ணையும் தருகிறார்கள். அயனி மண்டலத்துக்குத் திருத்தாத எண். சூரியனின் போக்கை அறியத் திருத்திய எண்.

யாருக்கு எது

சிற்றலை வானொலி இயக்குபவர், பாய்வு பல நாட்களாக 150-க்கு மேல் நின்று கே-பி 3-க்குக் கீழே இருந்தால், 28 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த பட்டைகளைப் பகலில் தேடலாம். துருவ ஒளி காண விரும்புபவர் கே-பி வரைபடத்தை மூடிவிட்டுப் பி-இசட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கலாம். கே-பி உயர்ந்தது என்று அறியும்போது ஒளி வந்து போயிருக்கும். மின்கட்டமைப்பைப் பேணுபவர்களுக்கு 1989 மார்ச் 13 மறக்க முடியாத நாள். கனடாவின் கியூபெக்கில் கட்டமைப்பு இரண்டு நிமிடத்துக்குள் சரிந்து, 60 லட்சம் பேர் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி இருந்தார்கள். அதற்காகச் சிறு புயல்களை அலட்சியம் செய்யவும் கூடாது. 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38, வளிமண்டலம் சற்றே உப்பியதால் உராய்வு கூடி, உயரே ஏற முடியாமல் எரிந்துபோனபோது அடித்தது பெரும்புயல் அல்ல.

ஜி.பி.எஸ். கொண்டு நுட்பமாக நில அளவை செய்பவர், காந்த நிலநடுக்கோட்டின் இருபுறமும் உள்ள பகுதிகளில் இருந்தால், அவருக்குக் கே-பி அரைத்துணை மட்டுமே. சூரியன் மறைந்து சில மணி நேரங்களில் அங்கே அயனி மண்டலத்தில் அடர்த்தி குறைந்த குமிழ்கள் எழுந்து சமிக்ஞையை மினுக்கச் செய்கின்றன. கே-பி 1 ஆக இருக்கும் அமைதியான மாலையிலும் அது நிகழும். உச்ச ஆண்டுகளில் சம இரவு நாட்களை ஒட்டிய மாதங்களில் முக்கியமான அளவீட்டை மாலைக்கு ஒதுக்காமல் முற்பகலிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

மேலே சொன்னவற்றை வரிசையாகப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். பார்த்ததை நாளுக்கு ஒரு வரியாக எழுதி வையுங்கள்: தேதி, உச்ச வேகம், பி-இசட்டின் மிகத் தாழ்ந்த மதிப்பும் அது நீடித்த நேரமும், உச்ச கே-பி, பெரிய வெடிப்பு, பாய்வு. வட்டின் நடுக்கோட்டைக் கொரோனா துளை ஏதும் கடந்திருந்தால் அதையும் குறியுங்கள். 2010இல் ஏவப்பட்ட எஸ்.டி.ஓ. விண்கலத்தின் புறஊதாப் படங்களில் அது கரிய திட்டாகத் தெரியும், அதன் வேக ஓடை இரண்டு முதல் நான்கு நாட்களில் புவியை எட்டும். புவியிலிருந்து பார்க்கச் சூரியன் ஒருமுறை சுழல ஏறக்குறைய 27 நாட்கள் ஆவதால், உங்கள் ஏட்டின் பக்கத்தை 27 கட்டங்களாகப் பிரித்து, 28-ஆம் நாளை முதல் நாளுக்கு நேர் கீழே எழுதுங்கள். பார்ட்டெல்ஸும் தம் அட்டவணைகளை அப்படித்தான் அடுக்கினார். மூன்று நான்கு வரிசைகள் நிரம்பியதும், ஒரே துளை ஒவ்வொரு சுற்றிலும் திரும்பி வந்து வேகத்தை உயர்த்திய நாட்கள் பக்கத்தின் மேலிருந்து கீழாக ஒரு பட்டைபோல் எழுந்து நிற்கும். அடுத்த வரிசையில் அந்தக் கட்டம் வருவதற்கு முன்பே அதில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இட்டு வைக்கலாம்.